ஓய்வு பெற்ற பிறகு உருவான ஆசிரியை: அக்ரிப்பினா வகானோவா



இந்த இதழில் ஒரு ரஷ்ய பாலே நடனக்காரரைப் பற்றி எழுதுகிறேன். “நமக்கும் பாலேக்கும் என்ன சம்பந்தம்?” என்று நீங்கள் கேட்கலாம். நம் குடியிருப்பில் பணி ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறோம். பாட்டு, பரதம், கராத்தே, செஸ் என்று ஏதாவது ஒரு வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் பலர் இருக்கிறீர்கள். இந்த இரண்டு தரப்புக்கும் பயன்படும் வாழ்க்கை இது. 36 வயதில் மேடையிலிருந்து ஓய்வு பெற்று, மறு ஆண்டிலேயே நாட்டில் புரட்சி வந்து எல்லாம் தலைகீழாகி, அதற்குப் பிறகு ஆசிரியையாகி, கடைசியில் உலகம் முழுவதும் பாலே கற்பிக்கும் முறைக்கே தன் பெயரைக் கொடுத்த ஒரு பெண்மணியின் வரலாறு.

அவர் பெயர் அக்ரிப்பினா வகானோவா. பிறந்தது 1879-ல், ரஷ்யாவின் அன்றைய தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில்.

இருக்கை காட்டியவரின் மகள்

அவருடைய தந்தை ஆர்மீனிய இனத்தவர், ராணுவத்தில் சாதாரண நிலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த நகரத்தின் புகழ்பெற்ற மரீன்ஸ்கி தியேட்டரில், வருகிறவர்களுக்கு இருக்கை காட்டும் வேலை பார்த்தார். குறைந்த வருமானம். ஆனால் ஒரு வசதி இருந்தது. ஜார் மன்னரின் குடும்பமும் பிரபுக்களும் பணம் கொடுத்துப் பார்க்கும் நடனத்தை இவருடைய மகள் ஓரமாக நின்று பார்க்க முடிந்தது.

அந்த ஊரில் அரசு நடத்திய நடனப் பள்ளி ஒன்று இருந்தது. 1738-ல், பேரரசி அன்னாவின் காலத்தில், ஜான் பாப்டிஸ்ட் லாந்தே என்ற பிரெஞ்சு ஆசிரியர் அரண்மனைப் பணியாளர்களின் பிள்ளைகளை வைத்துத் தொடங்கிய பள்ளி அது. பிற்காலத்தில் தியேட்டர் தெருவில் இடம் பிடித்தது. அந்தத் தெருவின் நீளம் 220 மீட்டர், அகலம் 22 மீட்டர், இருபுறமும் கட்டடங்களின் உயரமும் 22 மீட்டர். நம் குடியிருப்பில் இருக்கும் சிவில் இன்ஜினீயர்கள் ரசிக்கக்கூடிய கணக்கு. தெருவை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ரோஸியின் பெயரால்தான் இன்று அது அழைக்கப்படுகிறது.

அரசு செலவில் தங்கும் இடம், சாப்பாடு, படிப்பு, முடித்தவுடன் அரசுத் தியேட்டரில் வேலை. வசதியில்லாத குடும்பத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. சிறுமி அக்ரிப்பினா அங்கே சேர்க்கப்பட்டார். 1897-ல் படிப்பை முடித்து மரீன்ஸ்கி தியேட்டரிலேயே வேலைக்குச் சேர்ந்தார். தந்தை இருக்கை காட்டிய அரங்கில் மகள் மேடை ஏறினார்.

மெதுவாக நகர்ந்த பதவி உயர்வு

அரசுத் தியேட்டர் என்றால் அது ஓர் அரசு அலுவலகம் போலத்தான். படிப்படியாகப் பதவிகள் இருந்தன. கடைசி வரிசையில் கூட்டமாக ஆடுபவர்கள். அதற்கு மேல் சிறு குழுக்களாக ஆடுபவர்கள். பிறகு தனி நடனம் ஆடுபவர்கள். உச்சியில் ‘பாலெரினா’ என்ற பட்டம். இன்று எந்தப் பாலே பெண்ணையும் பாலெரினா என்று சொல்லிவிடுகிறோம். அன்று அது மிகச் சிலருக்கே கொடுக்கப்பட்ட பதவி.

வகானோவா 1897-ல் கடைசி வரிசையில் சேர்ந்தார். பாலெரினா பட்டம் கிடைத்தது 1915-ல். நடுவில் 18 ஆண்டுகள். அரசுத் தியேட்டர்களில் நடனக்காரர்களுக்கு 20 ஆண்டு சர்வீஸ் முடிந்தால் பென்ஷன் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆக, ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்புதான் அவருக்கு உச்சப் பதவி வந்தது. வேலை பார்த்து அனுபவப்பட்டவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஏன் இவ்வளவு தாமதம்? அவர் உயரம் குறைந்தவர், கால்கள் சற்றுத் தடித்தவை. அந்தக் காலம் எதிர்பார்த்த மெல்லிய, கனவு போன்ற தோற்றம் அவரிடம் இல்லை. கைகளில் நளினம் போதவில்லை என்ற குறையும் இருந்தது. மரீன்ஸ்கியில் அப்போது எல்லாம் மரியஸ் பெத்திபாவின் கையில் இருந்தது. அவர் 1847-ல் பிரான்ஸிலிருந்து ரஷ்யாவுக்கு வந்தவர். சைக்கோவ்ஸ்கியின் இசையில் ‘உறங்கும் அழகி’யை 1890-ல் மேடையேற்றியவர். அந்தப் பெரியவருக்கு இந்தப் பெண்ணின் ஆட்டம் பிடிக்கவில்லை என்பதை அவருடைய நாட்குறிப்பே காட்டுகிறது.

மாறாக அவரிடம் இருந்தது வலிமை. நல்ல உயரமான துள்ளல். காற்றில் இருக்கும்போது கால்களை வேகமாக ஒன்றோடொன்று தட்டும் நுணுக்கம். முழு நீள பாலேயில் நடுநடுவே ஓரிரு நிமிடம் ஒருவர் மட்டும் தன் திறமையைக் காட்டும் பகுதி வரும். அதை ‘வேரியேஷன்’ என்பார்கள். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இவரை மிஞ்ச ஆளில்லை. ‘வேரியேஷன்களின் ராணி’ என்றே அவரை அழைத்தார்கள். பாராட்டுத்தான். ஆனால் முழுக் கதாநாயகி வேடத்துக்கு அவரை நினைக்கவில்லை என்ற செய்தியும் அதற்குள் இருக்கிறது. ‘அன்ன ஏரி’யின் நாயகி வேடம் போன்றவை அவருக்குக் கிடைத்தது கடைசி ஆண்டுகளில்தான்.

அதே பள்ளியில் அவருக்கு இரண்டு ஆண்டுகள் பின்னால் 1899-ல் படித்து முடித்தவர் அன்னா பாவ்லோவா. உலகமே அறிந்த பெயர். பாவ்லோவா மேடைக்கு வந்து நின்றாலே போதும், மக்கள் உருகினார்கள். வகானோவாவோ ஒவ்வொரு அடியையும் உழைத்து வாங்க வேண்டியிருந்தது.

எப்படி என்ற கேள்வி

இங்கேதான் பின்னால் வரப்போகும் ஆசிரியைக்கு விதை விழுந்தது.

1893-ல் பியெரினா லென்யானி என்ற இத்தாலியப் பெண் பீட்டர்ஸ்பர்க் மேடையில் ஒரு காரியம் செய்து காட்டினார். ஒற்றைக் காலின் விரல் நுனியில் நின்று, மற்றொரு காலைச் சாட்டை போல வீசி வீசி, இடத்தை விட்டு நகராமல் 32 முறை தொடர்ந்து சுற்றினார். ரஷ்யர்கள் அசந்துபோனார்கள். 1895-ல் ‘அன்ன ஏரி’யின் புது அரங்கேற்றத்திலும் அவரே நாயகி. அந்த 32 சுற்றுகளும் அந்த பாலேயின் அங்கமாகவே ஆகிவிட்டன. இன்றுவரை ரசிகர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். ரஷ்யர்களில் முதலில் அதைச் சாதித்தவர் மத்தில்டா க்ஷெஸின்ஸ்கா.

ரஷ்யாவில் அதுவரை கற்பித்தது பெரும்பாலும் பிரெஞ்சு வழி. பாலேயின் சொற்கள் இன்றும் பிரெஞ்சு மொழியில் இருப்பதற்குக் காரணம், 1661-ல் பதினான்காம் லூயி மன்னர் பாரிஸில் நடனத்துக்கு ஒரு கழகம் அமைத்ததிலிருந்து தொடங்கிய மரபு. அந்த வழியில் மென்மை உண்டு, நளினம் உண்டு, வேகமும் உறுதியும் குறைவு. இத்தாலிய வழியில் இரும்பு போன்ற உறுதி உண்டு, ஆனால் கைகளும் உடலும் சற்று விறைப்பாக இருக்கும். என்ரிக்கோ செக்கெட்டி என்ற இத்தாலிய ஆசிரியர் பீட்டர்ஸ்பர்க்கிலேயே தங்கிக் கற்பித்தார்.

பலர் இதைப் பார்த்து வியந்தார்கள், சிலர் அப்படியே பின்பற்றினார்கள். வகானோவா, அது எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்தார். சுற்றுவதற்கான விசை எங்கிருந்து வருகிறது? காலிலிருந்தா, கையிலிருந்தா, முதுகிலிருந்தா? எந்தக் கணத்தில் கை மூடுகிறது? செக்கெட்டியிடம் பயின்ற மூத்தவர் ஓல்கா ப்ரெயோபிரஜென்ஸ்கா ஆடும்போது கூர்ந்து கவனித்தார், கேட்டுத் தெரிந்துகொண்டார். பழைய ஆசிரியர்களில் ஸ்வீடன் நாட்டவரான கிறிஸ்டியன் ஜொஹான்சன் சொன்னவற்றையும் விட்டுவிடவில்லை. ஒன்றைத் தள்ளி ஒன்றை எடுக்காமல், இதில் என்ன சரி, அதில் என்ன சரி என்று பிரித்துப் பார்த்தார். எல்லாம் தன் உடம்பிலேயே செய்து பார்த்த சோதனை.

பிறவியிலேயே வந்துவிட்டவருக்கு ‘எப்படி’ என்ற கேள்வி எழுவது அபூர்வம். வராதவருக்கு அந்தக் கேள்வியை விட்டால் வேறு வழியில்லை.

ஓய்வும் புரட்சியும்

1916-ல் வகானோவா மேடையிலிருந்து விலகினார். வயது 36. பென்ஷன் உண்டு, குடும்பம் உண்டு, ஒரு மகன். துணைவர் பொமெரான்ட்சேவ் ராணுவத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர். இனி நிம்மதியான வாழ்க்கை என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

1917 வந்தது. முதலில் ஜார் மன்னர் பதவி இழந்தார். ஆண்டு முடிவதற்குள் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்தார்கள். மேலே சொன்ன க்ஷெஸின்ஸ்காவின் மாளிகையை அவர்கள் தங்கள் அலுவலகமாக ஆக்கிக்கொண்டார்கள். அதன் மாடியிலிருந்து லெனின் கூட்டத்துக்குப் பேசினார் என்பது வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கும் செய்தி. ஜார் அரசு போனதும் ஜார் அரசு கொடுத்த பென்ஷனும் போயிற்று. அந்த ஆண்டின் முடிவில், கிறிஸ்துமஸ் சமயத்தில், பொமெரான்ட்சேவ் துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொண்டார்.

நாற்பதை நெருங்கும் பெண். கையில் பிள்ளை. நகரத்தில் ரொட்டிக்கும் விறகுக்கும் தட்டுப்பாடு. வயிற்றுப்பாட்டுக்காகச் சிறு சிறு கேளிக்கை அரங்குகளில் மறுபடி ஆடினார். ‘வேரியேஷன்களின் ராணி’ அப்படி ஆட வேண்டி வந்தது. பிறகு தனியார் நடனப் பள்ளியில் கற்பிக்கத் தொடங்கினார். 1921-ல் தான் படித்த பள்ளிக்கே ஆசிரியையாகத் திரும்பினார்.

அந்தப் பள்ளியின் நிலையும் பரிதாபம். நீராவி வராத குழாய்கள், குளிரில் நடுங்கும் பிள்ளைகள். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று. பாலே என்பது மன்னர்களுக்கும் பிரபுக்களுக்கும் கேளிக்கை, உழைக்கும் மக்களின் புது நாட்டில் அதற்கு என்ன வேலை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கல்வித் துறைப் பொறுப்பில் இருந்த லுனாச்சார்ஸ்கி பழைய கலைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று வாதாடியதால் தியேட்டர்கள் தப்பின. புதுமைக் கலைஞர்களோ இந்தப் பழைய நடனம் காலாவதியாகிவிட்டது என்றார்கள். ஆட்சியாளர்கள் ஒரு பக்கம், கலைஞர்கள் ஒரு பக்கம் என இரண்டு பக்கத்திலிருந்தும் இடி.

நல்ல ஆசிரியர்கள் ஒவ்வொருவராக நாட்டை விட்டுப் போனார்கள். ப்ரெயோபிரஜென்ஸ்காவும் க்ஷெஸின்ஸ்காவும் பாரிஸில் பள்ளி நடத்தினார்கள். லெகாத் லண்டனில் கற்பித்தார். 1924-ல் அதே பள்ளியில் படித்த பாலன்ஷின் என்ற இளைஞரும் வெளியேறினார். வகானோவா போகவில்லை. இருந்த இடத்திலேயே, அந்தக் குளிர்ந்த கூடத்தில், சில சிறுமிகளை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

வகுப்பறையில் நடந்தது

பாலே வகுப்பை நீங்கள் பார்த்திருக்காவிட்டால் ஒரு சிறு விளக்கம். சுவர் ஓரமாக இடுப்பு உயரத்தில் ஒரு கம்பு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பயிற்சி தொடங்கும். முதலில் முழங்காலை மடக்கி எழுவது, பிறகு பாதத்தை நீட்டுவது, பிறகு காலை உயர்த்துவது என்று எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும். பிறகு கம்பை விட்டுவிட்டு நடுக்கூடத்தில் அதே பயிற்சிகள். கடைசியில் துள்ளல்கள். நம் பிள்ளைகள் அரைமண்டியில் அமர்ந்து தட்டடவிலிருந்து தொடங்குவது போலத்தான். 10 வயதில் சேரும் பிள்ளை 18 வயதில் வெளியே வரும்.

வகானோவா இந்த வரிசையைக் கண்டுபிடிக்கவில்லை. அவர் செய்தது, ஒவ்வொன்றும் எதற்காக என்று காரணம் கண்டு ஒழுங்குபடுத்தியது. கைகள் வெறும் அலங்காரம் இல்லை, சுற்றுவதற்கும் துள்ளுவதற்கும் அவையே உதவ வேண்டும் என்றார். எல்லா அசைவுக்கும் அச்சு முதுகு என்றார். செக்கெட்டியின் முறையில் கைகளுக்கு ஐந்து நிலைகள். இவர் ஒரு தயார் நிலையையும் மூன்று நிலைகளையும் வைத்துக்கொண்டார். ஒற்றைக் காலில் நின்று மறுகாலைப் பின்னால் நீட்டும் ‘அரபெஸ்க்’ செக்கெட்டிக்கு ஐந்து வகை, இவருக்கு நான்கு வகை. குழப்பமில்லாத கணக்கு. பிரெஞ்சு மென்மையும் இத்தாலிய உறுதியும் ஒரே உடம்பில் சேர்ந்தன.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர் பாடம் நடத்திய விதம். ஒரு மாணவி சுற்றும்போது தடுமாறினால், ‘இப்படிச் செய்’ என்று உடனே காட்டிவிட மாட்டார். ஏன் தடுமாறினாய் என்று கேட்பார். அந்தப் பெண்ணே காரணத்தைத் தேடிச் சொல்ல வேண்டும். பயிற்சிகளைக் காகிதத்தில் எழுதச் சொல்வார். தன் மாணவிகள் ஒரு அசைவைச் செய்து காட்டினால் போதாது, அதை எப்படிச் செய்வது, எதற்காகச் செய்வது என்று வாயால் விளக்கவும் தெரிய வேண்டும் என்பது அவர் விதி.

வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதன் அருமை எனக்குப் புரிகிறது. கம்ப்யூட்டர் வராத காலத்தில் பேரேடு டேலி ஆகாத மாலைகளில் இரண்டு வகை சீனியர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் நோட்டைப் பிடுங்கித் தானே பிழையைக் கண்டுபிடித்துத் தந்துவிடுவார். நமக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். மற்றவர், “வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா பார். வகுபட்டால் எங்கோ இரண்டு எண்ணை இடம் மாற்றி எழுதியிருக்கிறாய். நீயே தேடு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் தொழில் கற்றது இரண்டாமவரிடம்தான். பிற்பாடு புதிதாக வந்தவர்களுக்கு எங்களால் சொல்லிக்கொடுக்கவும் முடிந்தது.

மாணவிகள்

1925-ல் மரீனா செம்யோனோவா படிப்பை முடித்தார். வகானோவா 18 ஆண்டு காத்திருந்த இடத்துக்கு, இந்தப் பெண் கூட்ட நடனத்தில் நிற்காமலேயே நேராகப் போய்ச் சேர்ந்தார். பாலே செத்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பெண்ணின் ஆட்டமே பதில். 1928-ல் கலீனா உலானோவா வெளிவந்தார். 1931-ல் நத்தாலியா துதின்ஸ்கயா.

இந்த மூவரையும் கவனியுங்கள். செம்யோனோவாவிடம் கம்பீரம். உலானோவாவிடம் மென்மை, பேசாமல் பேசும் உணர்ச்சி. துதின்ஸ்கயாவிடம் மின்னல் வேகம். ஒரே ஆசிரியை, ஒரே முறை, மூன்று பேரும் மூன்று விதம். முறை என்றால் எல்லோரையும் ஒரே அச்சில் வார்ப்பது என்று பயப்படுகிற பெற்றோருக்கு இது நல்ல சான்று. அடித்தளம் ஒன்றாக இருந்தால் மேலே கட்டுவது அவரவர் விருப்பம்.

1934-ல் வகானோவா தன் முறையைப் புத்தகமாக எழுதினார். ‘செவ்வியல் நடனத்தின் அடிப்படைகள்’ என்பது அதன் பொருள். ஒவ்வொரு அசைவும் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், எது இத்தாலிய வழி, எது பிரெஞ்சு வழி என்றெல்லாம் விளக்கி, மாதிரிப் பாடமும் சேர்த்திருந்தார். 1946-ல் ஆங்கிலத்திலும் வந்தது. அதுவரை ஆசிரியர் உடம்பிலிருந்து மாணவர் உடம்புக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்த ஒன்று, எழுத்தில் பதிவாயிற்று.

அவர் வாழ்க்கை முழுதும் வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். 1931 முதல் மரீன்ஸ்கியின் பாலே பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்தது. ‘அன்ன ஏரி’யை 1933-லும் ‘எஸ்மெரால்டா’வை 1935-லும் புதிதாக மேடையேற்றினார். ஆனால் உள்ளுக்குள் எதிர்ப்பு வளர்ந்து 1937-ல் அந்தப் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. வகுப்பறையை மட்டும் அவர் விடவில்லை. போர்க்காலத்தில் தியேட்டரும் பள்ளியும் யூரல் மலைப் பக்கம் உள்ள பெர்ம் நகரத்துக்கு மாற்றப்பட்டன. போன இடத்திலும் அந்தக் கலை வேர் பிடித்தது. போர் முடிந்த 1945-லேயே பெர்மில் ஒரு நடனப் பள்ளி தொடங்கியது. இன்றும் அது ரஷ்யாவின் முக்கியமான பள்ளிகளில் ஒன்று.

1951-ல், 72 வயதில், வகானோவா காலமானார். அந்த ஆண்டுதான் அவரிடம் படித்து முடித்த கடைசி அணி வெளியே வந்தது. அதில் ஒருவர் இரீனா கல்பகோவா. 1957-ல் அந்தப் பள்ளிக்கே வகானோவாவின் பெயரைச் சூட்டினார்கள். இருக்கை காட்டும் ஊழியரின் மகள், அரசு செலவில் படித்த அதே பள்ளிக்கு.

கை மாறிய விளக்கு

அந்த மாணவிகளும் ஒரு நாள் மேடையை விட்டு இறங்கினார்கள். உலானோவா 1960-களின் தொடக்கத்தில் ஆடுவதை நிறுத்திவிட்டு, மாஸ்கோவின் பல்ஷோய் தியேட்டரில் இளையவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மக்ஸீமோவா, வாஸிலியேவ் போன்றவர்கள் அவரிடம் தேறியவர்கள். செம்யோனோவா பல்ஷோயில் பல பத்தாண்டுகள் கற்பித்து, 2010-ல் 101 வயதில் மறைந்தார். துதின்ஸ்கயா வகானோவாவின் பள்ளியிலேயே ஆசிரியையானார். 1991-ல் அவரிடம் படித்து முடித்த உலியானா லொபாத்கினா நம் காலத்தின் பெரும் பெயர். கல்பகோவா நியூயார்க் போய் அமெரிக்கன் பாலே தியேட்டரில் பயிற்சி கொடுத்தார். 1954-ல் பெய்ஜிங்கில் நடனப் பள்ளி தொடங்கியபோது சோவியத் ஆசிரியர்களே இந்த முறையைக் கொண்டுபோனார்கள். எப்படி, ஏன் என்று வாயால் சொல்லத் தெரிந்த மாணவிகளாக வளர்த்ததன் பலன் இதுதான். அவரிடம் படித்த நடனக்காரிகள் ஆசிரியைகளாகவும் ஆக முடிந்தது.

நாட்டை விட்டுப் போனவர்களும் சும்மா இருக்கவில்லை. பாலன்ஷின் முழங்கால் காயத்தால் ஆட முடியாமல் போய், நியூயார்க்கில் 1934-ல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அங்கே லெனின்கிராடில் வகானோவாவின் புத்தகம் வந்த அதே ஆண்டு. ஒரு மரத்தின் இரண்டு கிளைகள்.

பாவ்லோவா? அவர் ஊர் ஊராக, கண்டம் கண்டமாக ஆடிக்கொண்டே இருந்து, 1931-ல் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே மறைந்தார். முறை என்று எதையும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர் ஏற்றிய விளக்கு ஒன்று நம் சென்னையில் எரிகிறது. 1920-களின் இறுதியில் அவருடைய நடனத்தைப் பார்த்து ஈர்க்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உங்கள் நாட்டு நடனத்தைத் தேடிப் பாருங்கள் என்று பாவ்லோவா சொன்ன அறிவுரையை ஏற்று, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்று, 1935-ல் அடையாறில் மேடை ஏறினார். 1936-ல் கலாக்ஷேத்ரா பிறந்தது. ருக்மிணி தேவியும் ஆடுவதோடு நிற்காமல் கற்பிக்க இடம் அமைத்தவர்தான். பாவ்லோவாவின் விளக்கு அணையாமல் இருக்க, பந்தநல்லூர்ப் பெரியவர் போன்ற ஆசிரியரும் ஒரு பள்ளியும் வேண்டியிருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

நமக்கு என்ன?

நடனக்காரரின் மூலதனம் உடம்பு. அது 40 வயதுக்குள் தேய்ந்துவிடும். எந்த வங்கியிலும் அதை டெபாசிட் செய்து வைக்க முடியாது. உடம்போடு சேர்ந்து அதற்குள் இருக்கும் அறிவும் போய்விடுமா என்பதே கேள்வி. இன்னொருவருக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்தால் போகாது என்று வகானோவா வாழ்ந்து காட்டினார். அதுவும், எளிதாக வராததால்தான் அவருக்குச் சொல்லத் தெரிந்தது. தடுமாறிய இடங்களெல்லாம் பின்னாளில் பாடத்திட்டமாயின.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வரவில்லை என்றால் அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் வாங்கிய விருதுகளை மட்டும் கேட்காமல், பிள்ளை தவறு செய்யும்போது அவர் என்ன செய்கிறார் என்று ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள்.

ஓய்வு பெற்ற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மில் மோட்டார் பழுது பார்க்கத் தெரிந்தவர் உண்டு, கணக்கு சொல்லித் தரக்கூடியவர் உண்டு, வீணை வாசிப்பவர், தையல் தெரிந்தவர், வருமான வரிப் படிவம் நிரப்பத் தெரிந்தவர் உண்டு. “எனக்கு என்ன பெரிதாகத் தெரியும்” என்று நினைக்க வேண்டாம். எதைக் கற்க நீங்கள் அதிகம் கஷ்டப்பட்டீர்களோ, அதைத்தான் உங்களால் நன்றாகச் சொல்லித் தர முடியும். மாலையில் ஒரு மணி நேரமும் இரண்டு பிள்ளைகளும் போதும். வகானோவாவும் ஒரு குளிர்ந்த கூடத்தில் சில சிறுமிகளோடுதான் தொடங்கினார்.

அடுத்த இதழில் வேறொரு வரலாற்றோடு சந்திப்போம்.